பேஸ்: ஒரு நண்பன்

எங்கள் இசைக்குழுவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் நால்வரின் பெயர்களையும்தான். ராக்கும் ஹிப்ஹொப்பும் கலந்து தமிழில் பாடிய குழுக்கள் மெல்பேர்னில் எத்தனை இருந்துவிடப்போகின்றன? விசாரித்தால் யாராவது சொல்லிவிடுவார்கள். தயவுசெய்து விசாரிக்கவேண்டாம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பேஸ் கிட்டார் வாசித்தேன். அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அகதிகளாகப் படகில் வந்தவர்களை அடைத்து வைத்திருந்த முகாமில் ஒரு சாதாரணக் கிட்டார் இருந்தது. வாரம் ஒருமுறை எங்களைப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கொண்டுவந்து கொடுத்தது. பல கை மாறி என்னிடம் வந்தபோது மெல்லிய கம்பிகள் இரண்டும் அறுந்துபோயிருந்தன. புதுக் கம்பி கேட்டேன், படிவம் நிரப்பச் சொன்னார்கள். நிரப்பினேன். கம்பி வரவில்லை. மிச்சமிருந்த நான்கு தடித்த கம்பிகளோடு பதினொரு மாதம் மல்லுக்கட்டினேன். வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, பேஸ் கிட்டாருக்கு இருப்பதே அந்த நான்கு கம்பிகள்தான் என்று. சுருதியும் அதேதான், ஒரு ஸ்தாயி கீழே, அவ்வளவுதான். நான் பாட்டுக்கு பேஸ் படித்து முடித்துவிட்டு வந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

டண்டினொங்கில் உறைந்த கோழிப் பெட்டிகள் அடுக்கும் கிடங்கில் வேலை கிடைத்தது. விடிகாலையில் தொடங்கி மதியம் ஒரு மணிக்கு முடியும். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, தமிழ்க் கடையின் வாசலில், அறை வாடகைக்கு, கார் விற்பனைக்கு என்ற துண்டுக் காகிதங்களுக்கு நடுவே ஒன்றைப் பார்த்தேன். "தமிழ் ராப், ராக். பேஸ் வாசிக்க ஆள் தேவை. நன்றாக வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை, நேரத்துக்கு வந்தால் போதும்." நேரத்துக்கு வருவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தொலைபேசியில் அழைத்தேன்.

ஒத்திகை பொயிண்ட் குக்கில், டிரம்மரின் வீட்டுக் கார் கொட்டகையில். டிரம்மர் கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலை, எங்களில் மூத்தவர், பிள்ளைகுட்டிக்காரர். பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்ததால் சனிக்கிழமை பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை மட்டுமே அடிக்க அனுமதி. டண்டினொங்கிலிருந்து மெல்பேர்னின் மறுமுனைக்கு இரண்டு ரயில் ஒரு பஸ் ஏறி நான்தான் எப்போதும் முதலில் போய்ச் சேருவேன். கிட்டார் வாசித்தது ஒரு பெண்பிள்ளை. பெற்றோர் என் ஊர்ப் பக்கத்து ஆட்கள், அவள் இங்கே பிறந்தவள். தமிழில் சொன்னால் எல்லாம் விளங்கும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். கிட்டாரைக் கையில் எடுத்தால் கொட்டகையின் தகரம் அதிரும்.

பிறகு பாடகன். அவன் மலேசியத் தமிழன். கணக்கியல் படிக்க வந்து, முடித்து, ஒரு அலுவலகத்தில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு இருந்தான். தாய் கட்டாயப்படுத்திக் கையில் கொடுத்த ரைஸ் குக்கரோடு விமானத்தில் வந்து இறங்கிய கதையை அவன் சொல்லும்போது எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். நல்ல குரல். அதைவிட நல்ல மூச்சு. எட்டு வரியை ஒரே மூச்சில் தள்ளிவிட்டு ஒன்பதாவது வரிக்குச் சிரித்துக்கொண்டே நிற்பான். அவனை எனக்கு மிகவும் பிடித்தது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் நேர்மையில்லாதவன் ஆகிவிடுவேன்.

அவனிடம் குரல் இருந்தது, சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. ஆரம்பத்தில் அவன் எழுதிய பாட்டுகள் எல்லாம் காதலி கைவிட்டதும் கார் வாங்கப்போவதும்தான். ஒரு சனிக்கிழமை இடைவேளையில் நான் படகைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த தேநீர் ஆறும்வரை அவன் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"மச்சான், இத எழுது லா," என்றான். "நீ எழுது, நான் பாடறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. வேலை இடைவேளைகளில் குளிர் அறைக்கு வெளியே நின்று வரிகளைச் சொல்லி, குரல் பதிவாக அனுப்புவேன். அவன் ரயிலில் போகும்போது காதில் மாட்டி மனனம் செய்வான். என் வரிகளோடு என் பேச்சும் அவனுக்குள் போனது. ஆமா என்று சொல்லிக்கொண்டிருந்தவன் ஓம் என்றான். வந்தேன் என்றவன் வந்தனான் என்றான், தாளத்துக்கு அதுதான் உட்காருகிறது என்று காரணம் வேறு. என் இழுவை, நான் வசன முடிவில் குரலைப் போடுகிற விதம், எல்லாம் அச்சொட்டாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நானே பாடுவதுபோல் இருக்கும். எனக்கு அப்போது அது பெருமை. முட்டாள்தனம் என்று இப்போது சொல்கிறேன்.

எங்களைத் தூக்கிவிட்ட பாட்டு சப்பாத்துப் பாட்டு. அது உண்மைச் சம்பவம். படகேறுவதற்கு முதல் நாள் நான் ஒரு சோடிப் புதுச் சப்பாத்து வாங்கினேன், கறுப்பு, வெள்ளைக் கயிறு. வெளிநாட்டில் செருப்போடு போய் இறங்கினால் மதிக்கமாட்டார்கள் என்று நம்பிய மடையன் நான். இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டு, படகுக்குள் தண்ணீர் ஏறி எல்லோரும் பொதிகளைக் கடலில் எறிந்தபோதும் நான் அதைச் சட்டைக்குள் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தேன். ஆறாம் நாள், கரை இன்னும் கண்ணில் படவில்லை, எடுத்துக் காலில் போட்டுக் கயிறு கட்டிப் பார்த்தேன். படகில் இருந்தவர்கள் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

பாட்டாக எழுதும்போது அந்தப் பைத்தியக்காரன் நான்தான் என்று எழுத வெட்கமாக இருந்தது. அதனால் பாட்டில் 'நான்' ஒரு ஓரமாக இருந்து பார்க்கிறேன், சப்பாத்துக்காரன் வேறு ஒருத்தன்.

*மடியில ஒரு பை, பைக்குள்ள சப்பாத்து,*
*கரையே தெரியேல்லை, கயிறு கட்டிப் பாக்கிறான்.*

அந்தச் சப்பாத்தை நான் எறியவில்லை. டண்டினொங்கில் சப்பாத்துத் தைப்பவர் ஒருவரிடம் கொடுத்து இரண்டு தடவை அடிப்பாகம் மாற்றினேன். மேடைக்கு மட்டும் போடுவேன்.

முதல் நிகழ்ச்சிக்கு விளம்பரம் அடித்தபோது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். என் அகதி வழக்கு அப்போது மறுபரிசீலனையில் கிடந்தது. ஆறு மாதத்துக்கொரு விசா, அது முடிவதற்குள் அடுத்தது. வெளியில் என்ன செய்தாலும் கோப்பில் ஏறும் என்று எங்கள் ஆட்களிடையே ஒரு கதை. அங்கே ஊரிலோ வீட்டுக்கு அரசாங்க ஆட்கள் வந்து மகன் எங்கே, என்ன செய்கிறான் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். பயம் இரண்டு பக்கமும் இருந்தது. "என்ர பேரும் போடவேண்டாம், படமும் போடவேண்டாம்," என்றேன்.

"அப்ப என்ன போடுறது?" என்று டிரம்மர் கேட்டார்.

"ஒரு நண்பன்னு போடு லா," என்றான் பாடகன்.

அப்படியே அச்சாகி வந்தது. பேஸ்: ஒரு நண்பன். நாங்கள் நால்வரும் அதைப் பார்த்துச் சிரித்தோம். மேடையில் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு, பெரிய ஒலிபெருக்கியின் பின்னால் நின்று வாசித்தேன். அந்த விளம்பரத்தை அறையில் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தேன். யாரும் என்னை மறைக்கவில்லை. நானே என்னை மறைத்துக்கொண்டேன், அவர்கள் உதவி செய்தார்கள்.

எங்கள் முதல் ரசிகர்கள் பதினான்கு பேர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மதுக்கடையின் பின்கட்டில். அதில் ஆறு பேர் டிரம்மரின் அலுவலகத்தார். அடுத்தது ஒரு தமிழ்ப் பள்ளிக்கூட விழா. டிரம்ஸைக் கொஞ்சம் மெதுவாக அடிக்க முடியுமா என்று பாட்டின் நடுவே வந்து கேட்டார்கள். முன்வரிசை அன்ரிமார் காதைப் பொத்திக்கொண்டே கைதட்டினார்கள், அது எப்படிச் சாத்தியம் என்று கேட்காதீர்கள். பிறகு பூங்காவில் வைத்துத் தொலைபேசியில் எடுத்த சப்பாத்துப் பாட்டின் காணொளி கைக்குக் கை மாறிப் பரவியது. பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிட்டார்கள், வெள்ளைக்காரர்களின் விழாக்களுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு சொல் விளங்காமல் நூற்றுக்கணக்கானவர்கள் "கயிறு கட்டிப் பாக்கிறான்" என்று எங்களோடு கத்தியதை ஒலிபெருக்கியின் பின்னாலிருந்து கேட்டேன். அந்த மூன்று வருடங்கள் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு வானொலி.

சமூக வானொலி ஒன்றில் பாடகனைப் பேட்டி எடுத்தார்கள். எனக்கு வேலை நாள். சாப்பாட்டு அறையில் இருந்து சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காதில் மாட்டிக் கேட்டேன். பேட்டி எடுத்த பெண் கேட்டார்: "இந்தப் பாட்டில் 'நான்' என்று வருவது யார்? நீங்களா? நீங்கள் படகிலா வந்தீர்கள்?"

இரண்டு நொடி சத்தமில்லை. அந்த இரண்டு நொடியில் நான் மனதுக்குள் அவனுக்கு எடுத்துக் கொடுத்தேன்: இல்லை, ஒரு நண்பன் என்று சொல்லடா.

"ஓம்," என்றான். "அது என்ர கதைதான்."

என் சோற்றை நான் மூடி வைத்துவிட்டேன். அதன் பிறகு அவன் பத்து நிமிடம் பேசினான். முகாமில் கிட்டார்க் கம்பி கேட்டுப் படிவம் நிரப்பியதையும் சொன்னான். அது பாட்டில் இல்லை. நான் அவனுக்குத் தேநீர் இடைவேளையில் சொன்னது.

சனிக்கிழமை கொட்டகையில் கேட்டேன். அவனுக்குப் பதில் தயாராக இருந்தது.

"உனக்காகத்தான் லா சொன்னேன். இல்லன்னு சொல்லியிருந்தா அடுத்த கேள்வி என்னா? அப்ப யாரு? யாரு அந்த நண்பன்? அப்புறம் உன் விசா என்னாகும்?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. நன்றி கூடச் சொன்னேன். கிட்டார்ப் பெண்பிள்ளை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, இது சரியில்லை என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். "அதை விடம்மா, எனக்குப் பரவாயில்லை," என்று அவளை அடக்கியது நான்தான்.

அதிலிருந்து ஒவ்வொரு பேட்டியிலும் அவனுடைய படகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது. நான் நான்கு நாள் தண்ணீருக்கு அல்லாடினேன் என்றால் அவன் ஐந்து நாள் அல்லாடினான். விசா வந்ததும் எல்லாவற்றையும் திருத்திக்கொள்ளலாம் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

விசா வந்தது. எத்தனையோ வருடம் காத்திருந்த நிரந்தர விசா ஒரு மின்னஞ்சலாக வந்தது, ஒரு புதன்கிழமை, நான் கோழிப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது. அந்தச் சனிக்கிழமை கேக் வாங்கிக்கொண்டு பொயிண்ட் குக் போனேன். எங்கள் முதல் இசைத்தட்டு வெளிவர ஒரு மாதம் இருந்தது. டிரம்மர் கட்டிப்பிடித்தார். பாடகன் என்னைத் தூக்கிச் சுற்றினான்.

"இனி என்ர பேரைப் போடலாம்," என்றேன். "வரிகளுக்கும் சேர்த்து."

கேக் வெட்டிக்கொண்டிருந்த டிரம்மர் கத்தியைக் கீழே வைத்தார். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. கொட்டகையின் மூலையில் அட்டைப் பெட்டிகள் இருந்தன. நான்தான் போய்த் திறந்தேன். இசைத்தட்டின் உறை அச்சாகி வந்திருந்தது. குரல், வரிகள் என்ற இடத்தில் பாடகனின் பெயர். கடைசியில் வழக்கம்போல, பேஸ்: ஒரு நண்பன்.

"இல்ல பா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் டிரம்மர். "இப்ப போய் அவர் கதை இல்லன்னு சொன்னா, பொய் சொன்னோம்னு எல்லாரும் கிழிச்சிருவாங்க. மூணு வருஷ உழைப்பு. நாங்க குரூப்ல பேசினோம்..."

"எந்தக் குரூப்பில?" என்று கேட்டேன். எங்கள் நால்வருக்கும் பொதுவான குழு உரையாடல் என் தொலைபேசியிலும் இருக்கிறது. அதில் யாரும் எதுவும் பேசியிருக்கவில்லை.

நான் இல்லாமல் மூவருக்கும் வேறொரு குழு இருந்தது. எட்டு மாதமாக இருந்திருக்கிறது. கிட்டார்ப் பெண்பிள்ளை அழத் தொடங்கினாள். அவளை நான் என் தங்கையாக நினைத்திருந்தேன். பாடகன் சொன்னதைவிட எனக்கு அதுதான் வலித்தது, இன்றும் வலிக்கிறது. அவன் ஒருவன் துரோகம் செய்தால் அது அவன் புத்தி. மூன்று பேரும் எனக்குத் தெரியாமல் உட்கார்ந்து என்னைப் பற்றி முடிவெடுத்தால், நான் அந்தக் கொட்டகையில் யார்?

எழுந்து போக வெளிக்கிட்டேன். பாடகன் வாசல்வரை ஓடிவந்து என் கையைப் பிடித்தான்.

"மச்சான், சிட்னி நிகழ்ச்சி முடியட்டும். அங்க மேடையிலயே சொல்றேன். எல்லார் முன்னாடியும். இது என் கதை இல்ல, இவனோட கதைன்னு உன் கையப் பிடிச்சு முன்னாடி இழுத்துட்டு வர்றேன். சத்தியமா லா."

நம்பினேன். உறையில் போடாவிட்டால் போகட்டும், ஒரு தடவை, சனங்களுக்கு முன்னால், அது இவன்தான் என்று சொன்னால் போதும் எனக்கு. அதற்காகவே சிட்னிக்குப் போனேன். தொப்பியை மெல்பேர்னில் விட்டுவிட்டுப் போனேன்.

நிகழ்ச்சி ஒரு சமூக மண்டபத்தில், மத்தியானம் இரண்டு மணிக்கு. எங்கள் ஆட்கள்தான் நிறைந்திருந்தார்கள். சப்பாத்துப் பாட்டு கடைசி. முடிந்ததும் முன்வரிசைகளில் ஆண்கள்கூடக் கண்ணைத் துடைத்தார்கள். பாடகன் கையை உயர்த்தி அமைதி கேட்டான். நான் ஒலிபெருக்கியைச் சுற்றிக்கொண்டு இரண்டடி முன்னே வந்தேன். என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சனத்தைப் பார்த்தான்.

"அந்தப் படகில வந்தநேரம்," என்றான், "இப்பிடி ஒருநாள் உங்கள் முன்னால நிற்பன் எண்டு நான் நினைக்கேல்லை."

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. நான் முன்னே வைத்த இரண்டடியையும் பின்னே வைத்தேன்.

அதோடு நான் அவனை விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். ஆனால் ஏற்பாட்டாளர்கள் சிட்னிப் புறநகரான கிரவீனில் ஒரு வீட்டில் எங்களுக்குச் சாப்பாடும் இரவு தங்க இடமும் வைத்திருந்தார்கள், எல்லோரும் ஒரே வான் வண்டியில் வந்திருந்தோம். வாசலில் எல்லோரும் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். என்னுடையதும் அந்தக் குவியலில் கிடந்தது. பாடகனை முன்னறையில் நல்ல கதிரையில் இருத்தினார்கள். நான் இடியப்பத் தட்டோடு சுவரோரம் நின்றேன்.

சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்ட ஒரு அன்ரி அவன் முன்னால் வந்து இருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். தொலைபேசியின் உறைக்குள் சொருகி வைத்திருந்த ஒரு சின்னப் படத்தை எடுத்தார்.

"தம்பி, அந்தச் சப்பாத்துப் பொடியன்... கறுப்புச் சப்பாத்தோ?"

"ஓம் அன்ரி."

"என்ர மகனும் படகேற முதல் புதுச் சப்பாத்து வாங்கினவன். கறுப்புத்தான். போனவன் போனவன்தான், ஒரு செய்தியும் இல்லை. எல்லாருக்கும் எழுதிக் கேட்டுப் பாத்திட்டன். இவனோ எண்டு ஒருக்காப் பாருங்கோ தம்பி."

அவன் படத்தை வாங்கிப் பார்த்தான். வானொலியில் நான் கேட்ட அந்த இரண்டு நொடிச் சத்தமின்மையை இப்போது கண்ணால் பார்த்தேன். அந்த நேரத்தில் அவன் தன் காது மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"ஓம் அன்ரி," என்றான். "இவர்தான்."

"கரைக்கு வந்தவனோ?"

"வந்தவர் அன்ரி. நல்லாத்தான் இருந்தவர். பிறகு வேற இடத்துக்குக் கொண்டு போயிட்டினம்."

முழுக்க முழுக்க என் பேச்சு. என் வாயிலிருந்து எடுத்த சொற்கள். அன்ரி அழவில்லை. படத்தை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு, "சாப்பிடுங்கோ தம்பி, வடிவாச் சாப்பிடுங்கோ," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார்.

நான் அவனை வீட்டின் பின்வளவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "ஏன்டா அப்பிடிச் சொன்னனீ? நீ ரைஸ் குக்கரோட பிளேனில வந்தவன்!"

"அந்த மூஞ்சிய பாத்தியா? இல்லன்னு எப்படி லா சொல்றது?"

"உள்ளுக்குப் போய் உண்மையைச் சொல்லு."

அவனுக்கும் கோபம் வந்தது. "நீயே போய்ச் சொல்லு. உன் கதைதானே."

அது என் கதை என்று அவன் வாயால் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

போனேன். அன்ரி குசினியில் தனியாகக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. அவர் படகில வந்தவர் இல்லை. படிக்க வந்தவர், மலேசியாவில இருந்து. படகில வந்தது நான். அந்தச் சப்பாத்து என்ர. உங்கட மகனை நான் காணேல்லை."

கழுவிய கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு நான் பின்னால் நின்று எதையோ வாசித்த ஒருத்தன்.

"ஏன் தம்பி இப்பிடிச் சொல்லுறீங்கள்? உங்கள் ரெண்டு பேருக்குள்ள ஏதும் கோவமோ? ஒராள் நல்லா வந்தா எரிச்சல்படக் கூடாது."

என் சொந்தக் கதைக்கு நான் எரிச்சல்பட்டவன் ஆகிவிட்டேன். விடுவிடுவென்று வாசலுக்குப் போய், குவியலைக் கிளறி என் சப்பாத்துகளை எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்தேன். எவ்வளவு மரியாதைக் குறைவு அது! சாப்பாட்டு மேசையில் அவற்றை வைத்தேன். "பாருங்கோ. கறுப்பு. வெள்ளைக் கயிறு. எங்கட ஊர்க் கடை முத்திரை இன்னும் உள்ளுக்குக் கிடக்கு."

அன்ரி கையைத் துடைத்தார். ஒரு சப்பாத்தை எடுத்தார். சேலைத் தலைப்பால் அதன் தூசியைத் துடைத்தார். உள்ளே கையை விட்டுச் சாணால் அளந்தார். பிறகு இரண்டையும் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"அவன்ர கால் அளவுதான்," என்றார். "இது உங்களிட்ட எப்பிடித் தம்பி வந்தது?"

உண்மையை அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். அதையே மறுபடி சொல்வதற்கு எனக்கு ஒரு மூச்சு போதும். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அவர்தான் அன்ரி தந்தவர்," என்றேன். "கரையில இறங்கேக்க என்ர காலில ஒண்டும் இல்லை எண்டு கழட்டித் தந்தவர்."

"அவன் அப்பிடித்தான் தம்பி," என்றார் அன்ரி. "சின்னனிலயும் ஆரும் கேட்டாத் தன்ரயைக் குடுத்திட்டு வெறுங்காலோட வருவான்."

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.

மறுநாள் காலை அந்த வீட்டு அங்கிளின் இறப்பர் செருப்போடு வான் வண்டியில் ஏறினேன். பாடகன் என் காலைப் பார்த்து, "ஷூ எங்க டா?" என்றான். நடந்ததைச் சொன்னேன். பிறகு என் தோளில் தட்டிச் சிரித்தான். இனி நாங்கள் இருவரும் ஒன்று என்பதுபோல ஒரு சிரிப்பு. அவனுடைய எல்லாப் பொய்களையும் என்றாவது மன்னித்துவிடுவேன், அந்தச் சிரிப்பை மாட்டேன். மெல்பேர்ன் வந்ததும் பேஸ் கிட்டாரை டிரம்மர் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். திரும்பப் போகவில்லை.

குழு இன்னும் இருக்கிறது. வேறு யாரோ பேஸ் வாசிக்கிறார்கள், அவர்களின் பெயரைப் போடுகிறார்கள். பாடகன் இன்னும் படகில் வந்துகொண்டிருக்கிறான். ஒரு சொல்லில் அவனை அம்பலப்படுத்த என்னால் முடியும். ஆனால் சப்பாத்து என்னுடையது என்று நான் ஊருக்குச் சொன்னால், கிரவீனில் அது அன்ரியின் மகனுடையது இல்லை என்று ஆகிவிடும். அதனால்தான் இதில் பெயர்கள் இல்லை. சப்பாத்தின் நிறத்தையும் கயிற்றின் நிறத்தையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், பாட்டின் அடையாளங்களையும் கொஞ்சம்.

அன்ரி என் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வைத்திருந்தார். மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலையில் அழைப்பார். பாடகனை அல்ல, என்னைத்தான். மகன் சப்பாத்துக் கொடுத்தது எனக்கல்லவா. படகில் அவன் சாப்பிட்டானா என்று ஒரு தடவை கேட்டார். ஒருவர் எனக்குத் தந்த அரைப் பிஸ்கட்டை அவனுக்குக் கொடுத்தேன். பயந்தானா என்று கேட்டார். நான் படுத்திருந்த இடத்தையும் எனக்குப் போர்த்திய சாக்கையும் அவனுக்குக் கொடுத்தேன். எனக்கு நடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டு வருகிறேன். போன மாதம் ஆறாம் நாளுக்கு வந்துவிட்டோம்.

கரையில் இறங்கிய பிறகு அவன் எந்தப் பக்கம் போனான் என்று இனிக் கேட்பார். அன்றைக்குப் பாடகன் பக்கத்தில் இருக்கமாட்டான். நான்தான் சொல்ல வேண்டும்.